ஆனதோத் ஊர் எரேமியா

எருசலேம் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் ஆனதோத் என்னும் சிற்றூர் இருந்தது. பென்யமீன் குலத்தாருக்குரிய நிலத்தில், ஆசாரியக் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. அவ்வூருக்கு ஒரு பழைய வடுவும் உண்டு. சாலொமோன் அரியணை ஏறியபோது, தனக்கு எதிரணியில் நின்ற அபியத்தார் என்னும் ஆசாரியரைப் பதவியினின்று நீக்கி அவ்வூருக்கே அனுப்பிவிட்டான். அபியத்தாரின் முன்னோர், சீலோ என்ற ஊரில் இருந்த பழைய திருத்தலத்தில் பணி புரிந்தவர்கள். அந்தச் சீலோவோ என்றோ பாழாகிவிட்டது. இவ்வாறு, அழிந்துபோன ஓர் ஆலயத்தின் நினைவும் அரண்மனையால் விலக்கப்பட்ட ஒரு மரபின் நினைவும் கலந்திருந்த ஊரில், இல்க்கியா என்னும் ஆசாரியரின் மகனாகப் பிறந்தவர் எரேமியா.

யூத மக்களின் தீர்க்கதரிசிகளுள் இவருடைய வாழ்க்கையே நமக்கு மிக விரிவாகத் தெரிகிறது. தீர்க்கதரிசி என்ற சொல் வருங்காலத்தை முன்னறிந்து கூறுபவரைக் குறிப்பதாக நாம் எண்ணுகிறோம். எபிரேய மொழியில் இதற்குரிய சொல் நாபி என்பதாகும். இறைவனுக்காக எழுந்து பேசுபவர் என்பதே அதன் உட்பொருள். நாளை நடப்பதைச் சொல்வது அவருடைய பணியில் ஒரு பகுதிதான். இன்று நடக்கும் அநீதியைச் சுட்டிக் காட்டுவதே பெரும்பகுதி. எரேமியாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே தெக்கோவா ஊர் ஆமோஸ், ஓசியா, ஏசாயா, மீகா ஆகியோர் இவ்வழியில் நின்று, ஏழையை நசுக்கிய கையால் இடும் பலியை இறைவன் ஏற்பதில்லை என்று முழங்கினர். அவர்கள் முழங்கியதை எரேமியா தம் வாழ்நாளிலேயே சோதனைக்கு உட்படுத்திக் காண நேர்ந்தது. ஆலயம் நின்ற காலத்தையும் அது எரிந்த காலத்தையும் அவர் இரு கண்களாலும் கண்டார்.

யோசியா மன்னனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், எரேமியாவுக்கு அழைப்பு வந்தது. தாம் சிறுபிள்ளை என்றும், பேச அறியாதவர் என்றும் கூறி அவர் பின்வாங்கினார். ஆயினும் அந்த அழைப்பினின்று அவரால் தப்ப முடியவில்லை. இடிப்பதும் கட்டுவதும், பிடுங்குவதும் நடுவதும் ஆகிய இருவகைப் பணிக்கும் அவர் நியமிக்கப்பட்டார்.

அக்காலத்தில் அரசியல் வானம் மாறிக்கொண்டிருந்தது. நெடுநாள் யூதாவைத் தன் கப்பங்கட்டும் நாடாக வைத்திருந்த அசீரியப் பேரரசு தளர்ந்தது. அந்த இடைவெளியில் யோசியா மன்னன் சமயச் சீர்திருத்தம் ஒன்றைத் தொடங்கினான். கி.மு. 622 அளவில் எருசலேம் ஆலயத்தைப் பழுது பார்க்கும்போது ஒரு நியாயப்பிரமாண நூல் கிடைத்தது. சாப்பான் என்னும் அரசாங்க எழுத்தர் அதை மன்னனுக்குப் படித்துக் காட்டினார். கேட்ட மன்னன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு வருந்தினான். நாட்டின் மேடைக் கோயில்கள் இடிக்கப்பட்டன. இன்னோம் பள்ளத்தாக்கில் குழந்தைகளைத் தீயிலிட்ட கொடிய வழக்கம் ஒழிக்கப்பட்டது. வழிபாடு எருசலேம் ஆலயம் ஒன்றிலேயே நடைபெற வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இது நல்ல சீர்திருத்தமே. எனினும் அதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. வழிபாடு ஒரே இடத்தில் குவிந்தபோது, அந்த இடமே போதும் என்ற நம்பிக்கையும் மக்கள் உள்ளத்தில் குவிந்தது. ஆலயம் இருக்கும்வரை நகரம் அழியாது, நகரம் இருக்கும்வரை நமக்குக் கேடில்லை என்று அவர்கள் எண்ணத் தொடங்கினர். கி.மு. 701இல் அசீரியப் படை எருசலேமைப் பிடிக்காமலே திரும்பிச் சென்ற பழைய செய்தி இந்நம்பிக்கைக்கு உரமிட்டது. கல்லும் மரமும் காவல் தெய்வங்களாயின.

கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவை எதிர்த்து யோசியா மாண்டான். எகிப்தியர் அவன் மகன் யோயாக்கீமை அரியணையில் அமர்த்தினர். அவ்வாட்சியின் தொடக்கத்தில் ஒருநாள் எரேமியா ஆலய வாயிலில் நின்று, வழிபட உள்ளே செல்லும் மக்களிடம் பேசினார். அவர் வாழ்வின் திருப்புமுனை அப்பேச்சே எனலாம்.

அவர் பேசியதன் சாரம் இது. ஆலயத்தின் பெயரை மும்முறை அடுக்கிச் சொல்வதால் எவரும் காப்பாற்றப்படுவதில்லை. அயலானுக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் கொடுமை செய்யாமல் இருந்தால்தான் அவர்கள் அந்நாட்டில் நிலைத்திருக்க முடியும். திருடியும் கொன்றும் பொய்யாணையிட்டும் வந்துவிட்டு, ஆலயத்துக்குள் நுழைந்ததும் பாதுகாப்புப் பெற்றதாக எண்ணுவது, கொள்ளையர் தங்கள் குகைக்குள் பதுங்குவதைப் போன்றதே. சந்தேகம் இருப்பவர்கள் சீலோவுக்குச் சென்று பார்க்கலாம். அங்கும் ஒருகாலத்தில் ஆண்டவரின் பெயர் தங்கியிருந்தது. மேலும் அவர் வேறொன்றும் கூறினார். முன்னோரை எகிப்தின் அடிமைத்தனத்தினின்று மீட்டபோது இறைவன் முதலில் கேட்டது பலிகளை அன்று. தம் சொற்படி நடப்பதையே கேட்டார் என்பது அது.

பலியிடுவதையே தம் குடும்பத் தொழிலாகக் கொண்ட ஓர் ஆசாரியரின் மகன் இதைச் சொன்னார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆசாரியர்களும் அரண்மனைத் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்து, மரணதண்டனை வேண்டும் என்று கூச்சலிட்டனர். ஆலய வாயிலிலேயே விசாரணை நடந்தது. அப்போது முதியவர் சிலர் எழுந்து, ஒரு நூற்றாண்டுக்கு முன் மீகாவும் இதே நகரம் உழுத வயலாகும் என்று சொன்னதையும், எசேக்கியா மன்னன் அவரைக் கொல்லாமல் மனம் திரும்பியதையும் நினைவூட்டினர். சாப்பானின் மகன் அகீக்காம் துணை நின்றதால் எரேமியா உயிர் தப்பினார். அதே செய்தியைச் சொன்ன உரியா என்பவருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. எகிப்துக்கு ஓடிய அவரை மன்னன் ஆள் அனுப்பிப் பிடித்து வரச்செய்து வாளால் வெட்டினான். ஆகவே எரேமியா எடுத்துக்கொண்ட ஆபத்து வெறும் பேச்சன்று.

யோயாக்கீம் தனக்குப் பெரிய மாளிகை கட்டினான். கேதுரு மரத்தால் அதனை அழகு செய்து செந்நிறம் பூசினான்; வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. இதைக் கண்டித்த எரேமியா, மன்னனின் தந்தையை எடுத்துக் காட்டினார். யோசியாவும் உண்டான், குடித்தான். ஆனால் ஏழையின் வழக்கை நேர்மையாகத் தீர்த்தான். இறைவனை அறிவது என்றால் அதுதான் என்று எரேமியா முடித்தார். அவருடைய போதனை முழுவதையும் ஒரு சிமிழில் அடைக்க வேண்டுமானால் இந்தக் கருத்து ஒன்றே போதும். இறைவனை அறிதல் என்பது ஏட்டறிவு அன்று, ஆலயத்தில் செலவிட்ட நேரமும் அன்று. கூலிக்காரனுக்கு உரிய கூலி அந்தி வேளையில் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதிலே அது தெரியும்.

கி.மு. 605இல் கர்கேமிஸ் என்ற இடத்தில் பாபிலோனியர் எகிப்தியரை முறியடித்தனர். நேபுகாத்நேச்சாரின் காலம் பிறந்தது. எரேமியா ஆலயத்துக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தார். எனவே தாம் இருபதாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்தவற்றைப் பாருக்கு என்னும் எழுத்தருக்குச் சொல்லி ஒரு சுருளில் எழுதச் செய்தார். ஓர் உபவாச நாளில் பாருக்கு அதனை ஆலயத்தில், சாப்பானின் மகன் கெமரியாவின் அறையிலிருந்து மக்கள் கேட்கப் படித்தார். செய்தி அரண்மனைக்கு எட்டியது. குளிர்காலமாகையால் மன்னன் கணப்பின் முன் அமர்ந்திருந்தான். மூன்று நான்கு பத்திகள் படிக்கப்பட்டதும் அவற்றைக் கத்தியால் அறுத்துத் தீயில் எறிந்தான். கெமரியாவும் வேறு இருவரும் வேண்டாம் என்று மன்றாடியும் பயனில்லை. சுருள் முழுதும் சாம்பலாயிற்று.

ஒரு நூலைக் கேட்டுத் தன் ஆடையைக் கிழித்தான் தந்தை; ஒரு நூலைக் கேட்டு அந்த நூலையே கிழித்தான் மகன். எரேமியாவோ மீண்டும் அமர்ந்து அனைத்தையும் சொன்னார்; பாருக்கு மீண்டும் எழுதினார்; இம்முறை சுருள் முன்னினும் நீண்டது. 1982இல் எருசலேமின் பழைய தாவீது நகர்ப் பகுதியை அகழ்ந்தபோது, சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் பொறித்த களிமண் முத்திரை ஒன்று கிடைத்தது. நகரை அழித்த தீ அங்கிருந்த ஏடுகளை எரித்துவிட்டது. அந்த ஏடுகளின்மேல் இருந்த மண் முத்திரைகளையோ சுட்டுக் கெட்டிப்படுத்தி நமக்காகக் காத்துவைத்தது.

இவற்றையெல்லாம் எரேமியா இரும்பு நெஞ்சத்தோடு செய்தார் என்று எண்ணிவிடக்கூடாது. அவருக்கு மனைவி மக்கள் இல்லை. வரப்போகும் அழிவுக்கு அடையாளமாக அவர் மணம் செய்துகொள்ளாமலே வாழ நேர்ந்தது. சொந்த ஊராரே அவரைக் கொல்லச் சூழ்ச்சி செய்தனர். பஸ்கூர் என்ற ஆலய அதிகாரி அவரை அடித்துத் தொழுமரத்தில் மாட்டி ஓர் இரவு முழுதும் வைத்தான். அந்நாட்களில் எரேமியா இறைவனோடு வழக்காடினார். தீயோர் ஏன் வாழ்கின்றனர் என்று கேட்டார்; தம்மை ஏமாற்றிவிட்டதாகக் குறைகூறினார்; தாம் பிறந்த நாளையே சபித்தார். பேசாமல் இருந்துவிடலாம் என்று முயன்றார். உள்ளே அடைபட்ட நெருப்பு எலும்புகளைச் சுடுவது போல் இருந்ததால் அதுவும் முடியவில்லை. வேதநூலில் இத்துணை வெளிப்படையான வேண்டுதல்கள் சிலவே. உதட்டில் இறைவனை வைத்து உள்ளத்தில் தொலைவாக்கிய கூட்டத்தின் நடுவே, உள்ளத்தில் உள்ளதை மறைக்காமல் உதட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். இறைவனை நெருங்குதல் என்பதில் இதுவும் ஒரு பகுதி அன்றோ?

கி.மு. 597இல் எருசலேம் முதன்முறை பாபிலோனியரிடம் பணிந்தது. 1956இல் வெளியிடப்பட்ட பாபிலோனிய வரலாற்றுப் பலகை ஒன்று இந்நிகழ்ச்சியை மாதமும் நாளும் சுட்டிக் குறிக்கிறது. இளம் மன்னன் யோயாக்கீனும், பெருமக்களும், கைவினைஞரும் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டனர். சிதேக்கியா அரசனாக்கப்பட்டான். ஆலயப் பாத்திரங்கள் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவரும் என்று அனனியா என்பவர் இனிக்க இனிக்கச் சொன்னார். எரேமியா தம் கழுத்தில் அணிந்திருந்த மர நுகத்தை அவர் உடைத்தும் போட்டார். மக்கள் விரும்பியது அந்தச் சொல்லையே.

எரேமியாவோ பாபிலோனில் இருந்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், சிறைப்பட்டிருக்கும் அந்த ஊரின் நன்மைக்காக இறைவனை வேண்டுங்கள் என்பது அதன் பொருள். பகைவனின் நகருக்காக வேண்டுதல் செய்யச் சொன்னது அக்காலத்தில் எவ்வளவு புதுமை என்பதை எண்ணிப் பார்க்கலாம். அதனினும் பெரிய புதுமை மற்றொன்று. பாபிலோனில் அவர்களுக்கு ஆலயம் இல்லை, பலிபீடமும் இல்லை. இருப்பினும் முழு உள்ளத்தோடு தேடினால் அங்கேயே இறைவனைக் காணலாம் என்று அவர் உறுதி கூறினார். ஆலய வாயிலில் அவர் இடித்த நம்பிக்கைக்குப் பதிலாக இங்கே ஒரு நம்பிக்கையைக் கட்டினார். கல்வியின் பொருட்டுத் தாயகத்தை விட்டு வேற்றூரில் வாழும் நாம் சிறைப்பட்டவர் அல்லேம். ஆயினும் தங்கியிருக்கும் ஊரின் நலனில் நம் நலனும் அடங்கியிருக்கிறது என்ற அக்கடிதத்தின் அறிவுரை நமக்கும் பொருந்தும்.

சிதேக்கியா பாபிலோனுக்கு எதிராகக் கலகம் செய்தான். நேபுகாத்நேச்சாரின் படை நாட்டைச் சூழ்ந்தது. இலாகீசும் அசெக்காவும் மட்டுமே அரணிட்ட நகரங்களாக எஞ்சி நின்றன என்று எரேமியாவின் நூல் கூறுகிறது. 1935இல் இலாகீசில் கண்டெடுக்கப்பட்ட ஓட்டுச் சில்லு ஒன்றில், இலாகீசின் தீயடையாளங்களைக் கவனித்து வருவதாகவும் அசெக்காவைக் காண முடியவில்லை என்றும் ஓர் அதிகாரி எழுதியிருக்கிறார். அந்த இருண்ட நாட்களின் அச்சம் அச்சில்லில் இன்றும் தெரிகிறது.

முற்றுகை இறுகியபோது ஒரு நிகழ்ச்சி நடந்தது. எபிரேய அடிமைகளை ஏழாம் ஆண்டில் விடுவிக்க வேண்டும் என்பது பழைய சட்டம். அதை எவரும் கைக்கொள்ளவில்லை. இப்போது ஆபத்து வந்தவுடன் மன்னனும் மக்களும் ஆலயத்தில் கூடி, கன்றை இரண்டாகப் பிளந்து அதன் நடுவே நடந்து உடன்படிக்கை செய்து, அடிமைகள் அனைவரையும் விடுவித்தனர். சடங்கில் ஒரு குறையும் இல்லை. சில நாளில் எகிப்தியப் படை வருவதாகக் கேள்விப்பட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விலக்கிச் சென்றனர். ஆபத்து நீங்கியதாக எண்ணிய எசமானர்கள், விடுவித்தவர்களையே மீண்டும் பிடித்து அடிமையாக்கினர்! எரேமியாவின் சினம் எரிமலையாயிற்று. அவர்கள் அடிமைக்குக் கொடுத்த விடுதலை பறிக்கப்பட்டதால், வாளுக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் அவர்கள்மேல் விடுதலை கொடுக்கப்படும் என்றார். அச்சத்தில் பிறந்த பக்தி அச்சத்தோடே மறைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

முற்றுகை விலகிய அந்த இடைவேளையில், ஊருக்குப் புறப்பட்ட எரேமியாவை எதிரியிடம் ஓடுகிறார் என்று குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர். முற்றுகை திரும்பியபின், அவர் பேச்சு படைவீரரின் ஊக்கத்தைக் குலைக்கிறது என்று பிரபுக்கள் அவரைச் சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டனர். அவரைக் காப்பாற்ற முன்வந்தவர் யூதரல்லர். அரண்மனையில் பணிபுரிந்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியர். அவர் மன்னனிடம் துணிந்து பேசி அனுமதி பெற்றார். கயிறு அக்குளில் அறுக்காதிருக்கப் பழந்துணிகளை முதலில் இறக்கிக் கொடுத்து, பின்பு மெல்லத் தூக்கினார். ஆலயத்தைச் சார்ந்தவர்கள் தள்ளிவிட்டவரை அயலான் ஒருவன் கந்தல் துணி கொண்டு மீட்டான். எரேமியா வாழ்நாளெல்லாம் சொன்ன வழிபாடு அந்தக் கந்தல் துணியில் இருந்தது.

காவல் முற்றத்தில் இருந்தபோது அவருடைய சிற்றப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். நாடே பகைவர் கையில் போகப்போகிறது என்று சொன்னவர் எரேமியாவே. எனினும் பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் முன் பத்திரம் எழுதி, அதனை மண்பாண்டத்தில் இட்டுக் காக்கும்படி பாருக்கிடம் ஒப்புவித்தார். அந்நாட்டில் மீண்டும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்ற நம்பிக்கையை அவர் சொல்லால் மட்டும் உரைக்கவில்லை. கைப்பொருளைக் கொடுத்து உரைத்தார்.

கி.மு. 587இல் (586 என்று கணிப்பவரும் உளர்) மதில் உடைந்தது. அடுத்த மாதம் ஆலயம் தீக்கிரையாயிற்று. யூதர்கள் இன்றும் ஆப் மாதம் ஒன்பதாம் நாளில் உபவாசமிருந்து அவ்வழிவை நினைந்து புலம்பல் நூலைப் படிக்கின்றனர். வென்ற பாபிலோனியர் எரேமியாவை மதித்து, பாபிலோனுக்கு வந்தால் நலமாக வைத்துக்கொள்வதாகக் கூறினர். அவர் மறுத்து, நாட்டில் விடப்பட்ட ஏழைகளோடு மிஸ்பாவில் தங்கினார். அங்கே ஆளுநராக இருந்தவர், முன்பு அவர் உயிரைக் காத்த அகீக்காமின் மகன் கெதலியா. அவரும் கொலையுண்டார். அஞ்சிய மக்கள் இறைவனின் வழியைக் கேட்டுச் சொல்லும்படி எரேமியாவை வேண்டினர். பத்து நாள் கழித்து, நாட்டிலேயே இருங்கள் என்ற விடை வந்தபோது அதனை மீறினர். அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்தின் தக்பானேசுக்குச் சென்றனர்.

எகிப்தில் நடந்த கடைசி வாதம் நம் சிந்தனைக்குரியது. அங்கே யூதர்கள் வானராக்கினி என்னும் தெய்வத்துக்குத் தூபம் காட்டினர். எரேமியா கண்டித்தபோது அவர்கள் தயங்காமல் விடையளித்தனர். அவளுக்குத் தூபம் காட்டிய காலத்தில் வயிறார உண்டதாகவும், நிறுத்திய நாள்முதல் எல்லாம் குறைவுபட்டதாகவும் அவர்கள் கணக்குக் காட்டினர். கொடுத்தால் கிடைக்கும், நிறுத்தினால் நின்றுவிடும் என்ற வாணிகமே அவர்கள் அறிந்த வழிபாடு. எருசலேம் ஆலயத்தில் பலியிட்டபோதும் அவர்கள் உள்ளத்தில் இருந்தது இதே கணக்குத்தான். தெய்வத்தின் பெயர் மாறியது. கணக்குப் புத்தகம் மாறவில்லை.

அதன்பின் எரேமியாவைப் பற்றிய செய்தி இல்லை. தம் மக்களாலேயே கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்பது பிற்காலக் கர்ணபரம்பரை. நாற்பதாண்டு உழைத்தும் அவர் சொல்லைக் கேட்டவர் மிகச் சிலரே. உலகக் கணக்கில் இது முழுத் தோல்வி.

ஆயினும் கி.மு. 587க்குப் பின் ஆலயமின்றி வாழ்ந்த யூத மக்கள் தங்கள் சமயத்தை இழக்காமல் நின்றதற்கு அவருடைய சொற்களே பெரிய தாங்கலாயின. அவரைத் துன்புறுத்தியவர்கள் நம்பிய கட்டடம் எரிந்தது. மன்னன் எரித்த சுருள் எஞ்சியது. வருங்காலத்தில் இறைவனோடு புதியதோர் உடன்படிக்கை ஏற்படும் என்றும், அது கற்பலகையில் அன்றி மனிதர் உள்ளத்தில் எழுதப்படும் என்றும், சிறியோர் பெரியோர் என்ற வேறுபாடின்றி அனைவரும் இறைவனை அறிவர் என்றும் அவர் சொல்லிவைத்தார். கிறிஸ்தவர்கள் தங்கள் மறையின் பிற்பகுதிக்குப் புதிய ஏற்பாடு என்று பெயரிட்டது இந்தச் சிந்தனையின் வழிவந்ததே.

எரேமியா ஆலயத்தை வெறுத்தவர் அல்லர்; பாட்டும் பலியும் மீண்டும் அங்கு எழும் என்றும் அவர் நம்பினார். வாழ்க்கையிலிருந்து பிரிக்கப்பட்ட வழிபாட்டையே அவர் எதிர்த்தார். இறைவன் முன் சென்று நிற்க விரும்புபவன் வழியில் யாரை மிதித்துவிட்டு வருகிறான் என்று அவர் ஆலய வாயிலில் நின்று கேட்டார். ஆலயங்கள் எத்தனையோ எழுந்து விழுந்த பின்னும் அந்த வாயிற்கேள்வி விழவில்லை. எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் நாம் ஒவ்வொருவரும் உள்ளே நுழையுமுன் அதற்கு விடை கூறியாக வேண்டும்.